சுதன் ஒட்டாமல் விட்ட அடி விளிம்பு

1

சுதன்,

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு ஆண்டுத் திவசம். ஒரு வருசம் போய்விட்டதடா. என் போனில் உன் பெயரை எல்லாருக்கும் மேலே குத்தி வைத்திருக்கிறேன், கீழே இறங்க விடுவதில்லை. கடைசியாக நீ அனுப்பியது ஆறு செக்கன் குரல். "அக்கா, காய்ச்சலாக் கிடக்கு. தலை எடுக்க ஏலாம இருக்கு. நாளைக்குக் கதைக்கிறன்." அவ்வளவுதான்.

உன்னோடு தனியாகக் கதைக்க எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் இதை ஊரில் இருக்கிற ஆக்கள் அறிய வேண்டும். அதனால் இனி அவர்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நீ பக்கத்தில் இருந்து கேள்.

என் பெயர் ரஜனி. சுதனின் அக்கா. திருகோணமலை லிங்கநகரில் பிறந்து வளர்ந்தவள். பத்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கலியாணம் முடித்துக் கனடாவுக்கு வந்து ஐந்து வருசம். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் நானும் இவரும் எங்கள் மகள் ஆரணியும் இருக்கிறோம். ஆரணிக்கு நாலு வயது. தமிழில் சொன்னால் எல்லாம் விளங்கும், ஆனால் இங்கிலீசில்தான் பதில் வரும். சுதனை அவள் ஒரு நாளும் நேரில் கண்டதில்லை. "போன் மாமா" என்றுதான் சொல்லுவாள்.

நான் வேலை செய்கிற இடத்தில் குசினி அலுமாரி செய்கிறார்கள். அங்கே சேர்ந்து இரண்டு வருசம் ஆகப்போகிறது. அலுமாரி என்றால் தேக்கு, முதிரை என்று நினைக்காதீர்கள். மரத்தூளைப் பசை போட்டு அமத்திச் செய்கிற பலகை அது. மேலும் கீழும் பளிங்கு மாதிரி வழுவழுப்பு. அறுத்த பக்கம் மட்டும் கடித்த பிஸ்கட் மாதிரிச் சொரசொரவென்று இருக்கும். அந்தப் பக்கத்தை மறைக்க ரிபன் மாதிரி ஒரு மெல்லிய பட்டியைப் பசையோடு சூடாக்கி ஒட்டுவார்கள். எங்கள் இடத்தில் அதை மெசின் ஒட்டும். மெசின் வாயால் வருகிற பலகையின் விளிம்பில் பெருவிரலை வைத்துத் தடவிப் பார்ப்பதுதான் என் வேலை. பட்டி எழும்பியிருந்தால் விரலுக்குத் தெரியும். சோக்கால் ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்புவேன்.

அங்கே எங்களுக்கு மேலே இருக்கிறவர் பெயர் மனுவேல், போர்த்துக்கல்காரர். சேர்ந்த புதிதில் அவர் சொல்லுகிற ஒன்றும் எனக்கு விளங்காது, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரம் அம்மாவோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். "அலுமாரி, கதிரை, மேசை எல்லாம் இங்க செய்யிறாங்கள் அம்மா" என்று சொல்ல, மனிசன் சாண்ட்விச்சை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய பாசையிலும் கிட்டத்தட்ட அதே சொற்களாம். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் யன்னலைக் காட்டி, சப்பாத்தைக் காட்டி, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அதற்குப் பிறகு எனக்கு எது விளங்காவிட்டாலும் திருப்பிச் சொல்லித் தருவார்.

2

சுதன் துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிற இடத்தில் போர்க்லிப்ட் ஓட்டினவன். ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமிப் போயா லீவும்தான் அவனுக்கு ஓய்வு. எங்கள் குசினியில் ஒரு பழைய மேசை, அதற்குக் கீழே ஒரு துணித் திரை, திரைக்குப் பின்னால் அரிசி, மா, எலி. அந்த எலிக்காகத்தான் அலுமாரி செய்ய வெளிக்கிட்டான். தச்சுவேலை படித்தவன் இல்லை. போனில் வீடியோ பார்த்துப் படித்தான். அவனுடைய கூட்டாளி நௌசாத் கிண்ணியாப் பொடியன், டவுனில் பலகை அறுத்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறான். அளவு சொன்னால் நௌசாத் அறுத்துக் கொண்டுவருவான், இரண்டு பேருமாக முற்றத்தில் வைத்துப் பூட்டுவார்கள். மூன்று கீழ் அலுமாரி, மேலே ஒரு இறாக்கை, போத்தல்களும் டின்களும் அடுக்க.

விளிம்புக்குப் பட்டி ஒட்டிய அன்று எனக்கு வீடியோ கோல் எடுத்தான். எனக்கு விடியக் காலமை, அங்கே பின்னேரம். ஆரணி அப்போதுதான் எழும்பி என் மடியில் இருந்தாள்.

"அக்கா, இங்க பாருங்க. அம்மாட அயன் பெட்டியால ஒட்டுறன்."

"எடேய், அம்மாட்டக் கேட்டனியா?"

"கேட்டாத் தருவாவா?"

பின்னால் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்ர சீலையில பசை பிடிச்சா, இருக்கு உனக்கு!"

"பயப்பிடாதீங்க அன்ரி" என்று நௌசாத் சொன்னான். "அடுத்த முறை நீங்க சீலை அயன் பண்ணினா மடிப்புக் குலையவே குலையாது. அப்பிடியே ஒட்டிப்போய் நிக்கும்."

படலையைத் திறந்து விட்டிருக்கிறார்கள். கோட்டைப் பக்கத்தில் இருந்து டவுனுக்குள் திரிகிற மான் ஒன்று உள்ளே வந்து, பட்டி வந்த மட்டைப் பெட்டியைச் சப்பிக்கொண்டு நின்றது. "சூ, போ!" என்று அம்மா விளக்குமாற்றோடு ஓட, போனுக்குள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் பட்டி கருகிப்போய்விட்டது. "சூட்டைக் குறை" என்றேன். "ஒரு இடத்தில வைச்சுக்கொண்டு நிக்காத, இழுத்துக்கொண்டே போ. சூடு ஆற முதல் மரக்கட்டையால அமத்தித் தேய். மிச்சத்தை பிளேட்டால வெட்டேக்க வெளியால இழுக்காத, உள்பக்கமாத் தள்ளு." நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது சரியாக ஒரு மாசம். மெசின்தான் ஒட்டுகிறது, நான் தடவிப் பார்க்கிறவள். ஆனால் சுதன் நான் சொன்ன மாதிரியே செய்தான், அடுத்த பட்டி வடிவாகப் பிடித்தது. "ஆ! கனடாக்காரி கெட்டிக்காரி!" என்று கத்தினான்.

எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து எல்லாரிடமும் கேட்கிறவள் நான்தான். எந்த பஸ், எந்தப் படிவம், டொக்டர் என்ன சொன்னவர், இந்தக் கடிதத்தில் என்ன எழுதிக் கிடக்கு. என்னிடம் ஒருத்தரும் ஒன்றும் கேட்பதில்லை. அன்றைக்கு என் தம்பி கேட்டான், நான் சொன்னேன், அது சரியாக வந்தது.

கடைசியில்தான் அவன் அதைக் கேட்டான்.

"பட்டி முடியப்போகுது அக்கா. அடிப்பக்கம், நிலத்தில முட்டுற விளிம்புக்கும் ஒட்டோணுமா?"

"அதுக்கு ஏன்? ஆர் குனிஞ்சு பாக்கப்போறாங்கள்? இங்க அடிக்கு ஒட்டுறேல்ல. முன்னுக்கு மட்டும் ஒட்டு."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அம்மா வாளியோட ஊத்தியெல்லோ கழுவுவா, அக்கா?"

"நான் ஒரு நாளைக்கு நூறு பலகை பாக்கிறன் சுதன். எனக்குத் தெரியாதா?"

"சரி, சரி. நீங்க சொன்னாச் சரி."

இதுதான் நடந்தது. ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

3

எட்டு மாசம் கழித்து டெங்கு. ஒன்பதாவது நாள் சுதன் இல்லை. இருபத்துமூன்று வயது.

என்னால் போக முடியவில்லை. என் பாஸ்போட் முடிந்து, புதுப்பிக்க அனுப்பியிருந்தேன். படிவம் இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. எங்கள் ஊரில் அப்பாவின் பெயர் முன்னுக்கு வரும், எங்கள் பெயர் பின்னுக்கு. இங்கே குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், சொந்தப் பெயர் என்று ஒரு கட்டம். நான் ஒரு தாளில் அப்பாவின் பெயரையும் இன்னொரு தாளில் இவருடைய பெயரையும் குடும்பப் பெயராக நிரப்பிவிட்டேன். பிழை என்னுடையதுதான். சுதன் செத்த அன்று என் பாஸ்போட் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது.

பாஸ்போட் கந்தோருக்குப் போன் பண்ணினேன். பாட்டுப் போட்டு நாற்பது நிமிசம் காக்க வைத்தபிறகு ஒரு பெண்பிள்ளை எடுத்தாள். இறந்தவர் என்ன முறை என்று கேட்டாள். தம்பி என்றேன். மரணச் சான்றிதழ் அனுப்ப முடியுமா என்று கேட்டாள். "அவனை இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை" என்று சொல்ல எனக்கு இங்கிலீசில் வரவில்லை. "நோட் யெட், நோட் யெட்" என்று மட்டும் சொன்னேன். அவள் மெல்லமாக மன்னிப்புக் கேட்டாள். நல்ல பிள்ளை. அவளாலும் ஒன்றும் செய்ய ஏலாது.

செத்த வீட்டை நௌசாத்தான் போனில் காட்டினான். பெட்டியைத் தூக்கும்போது அவனும் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் குசினி யன்னலில் சாத்தி வைத்துவிட்டு, ஆம்பிளைகளோடு சுடலைக்குப் போய்விட்டான். அதனால் என் தம்பி படலையால் வெளியே போனதை நான் காணவில்லை. பறைச் சத்தம் தூரப் போனது மட்டும் கேட்டது. எனக்கு முன்னால் தெரிந்தது வெறும் குசினி.

கொஞ்ச நேரத்தில் பெண்டுகள் வந்தார்கள். பிரேதம் போனால் வீடு கழுவுகிறது வழக்கம்தானே. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அறைகளைக் கழுவி, விறாந்தையைக் கழுவி, எல்லாத் தண்ணீரையும் குசினிப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார்கள், ஏனென்றால் வெளியே போகிற பீலி அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் வந்து அலுமாரியின் அடியில் முட்டி நின்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இங்கே நாங்கள் அடிக்கு ஒட்டாமல் விடுவது ஏனென்றால், இங்கே அலுமாரியைப் பிளாஸ்டிக் காலில் நிறுத்துவார்கள். பலகை நிலத்தில் முட்டாது. இந்தச் சனம் குசினியில் வாளியோடு தண்ணீர் ஊற்றாது, ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போய்விடும். அது எனக்குத் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வாளி தூக்கிக் கழுவிய குசினி அது. கழுவியது நான். கலியாணம் முடிக்கும் வரைக்கும் அது என் வேலை. இங்கே வந்து மூன்று வருசத்துக்குள்ளேயே என் வீடு எப்படிக் கழுவப்படும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. சுதன் ஞாபகப்படுத்தினான். நான் கேட்கவில்லை.

"துடையுங்கோ! அடியைத் துடையுங்கோ!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். நௌசாத் என் சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறான், ஒருத்தருக்கும் கேட்கவில்லை. இவர் ஓடிவந்து என்னைப் பிடித்தார். நான் தம்பிக்காகக் குளறுகிறேன் என்று நினைத்தார். என் தம்பிக்குக் கொள்ளி வைக்கிற நேரத்தில் நான் பலகையைப் பற்றி யோசித்தேன் என்று அவருக்கும் நான் சொல்லவில்லை.

4

கிழமைக்குக் கிழமை குடித்த தண்ணீரோடு அன்றைக்கு ஊற்றியதும் சேர, மூன்று மாசத்தில் பலகை ஊதத் தொடங்கியது. அம்மா படம் அனுப்பினா. அடிப்பக்கம் தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி ஊதி வெடித்து, வெள்ளைத் தோல் உரிந்து கிடந்தது. கதவு சாத்துப்படவில்லை. அம்மா ஒன்றும் குறை சொல்லவில்லை. "இப்பிடி ஆகிப்போச்சு மகள்" என்று மட்டும் சொன்னா.

குறை சொன்னவர் மாமா. அம்மாவின் அண்ணன். சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்து, எத்தனையோ இடத்தில் இருந்து, பிறகு திரும்பிப் போய்க் குடியேறினவர். சுதனின் காரியங்கள் எல்லாவற்றையும் அவர்தான் நின்று செய்தார், அந்த நன்றி எனக்குச் சாகும் வரைக்கும் இருக்கும். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதையும் எழுதத்தான் வேண்டும். திவசத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், ஆரணி பக்கத்தில் படம் கீறிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுறன் எண்டு குறை நினைக்காத மகள். பொடியன் அரைகுறையாச் செய்துபோட்டான். முன்னுக்கு மட்டும் பட்டி அடிச்சு மினுக்கி வைச்சிருக்கிறான், அடியில ஒண்டும் இல்ல. அவன்ட வேலை எல்லாம் அப்பிடித்தானே, வடிவை மட்டும் பாப்பான். வந்து பாக்கிற சனம் எல்லாம் அதைத்தான் கதைக்குதுகள். திவசத்துக்கு முதல் இதுகளைக் கழட்டி எறிஞ்சுபோட்டு அலுமினியத்தில செய்விப்பம். என்ன சொல்லுற?"

அம்மா பக்கத்தில் இருக்கிறா என்று தெரியும். மூச்சுக் கேட்டது.

நான் சொன்னேன்: "ஓம் மாமா. உங்களுக்குச் சரியெண்டு பட்டதைச் செய்யுங்க."

போனை வைத்ததும் ஆரணி தலையை நிமிர்த்தாமல் இங்கிலீசில் கேட்டாள், போன் மாமா வேலையைப் பிழையாகச் செய்தவரா என்று.

"போய் விளையாடு" என்றேன்.

அவளுக்கு அவனைப் பற்றித் தெரிந்ததே கொஞ்சம். ஒரு சிரிப்பு, ஒரு குரல், மானைத் துரத்தின அன்று கேட்ட சத்தம். இனி இதுவும் அதில் சேரப்போகிறது, அவன் ஒரு அரைகுறை என்பது. அலுமாரியை எறிந்துவிட்டால் அந்தக் கதை மட்டும்தான் மிஞ்சும். அதை மாற்ற முடிந்தவள் நான் ஒருத்திதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிள்ளை பெற்ற பிறகும் அம்மாவுக்குப் பயப்படுகிறவள் நான். அதைவிட, எனக்குத் தெரிந்த ஒரே ஒரு வேலையும் எனக்குத் தெரியாது என்று ஊருக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது.

5

அடுத்த நாள் வேலையில் மனுவேலுக்கு அம்மா அனுப்பிய படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"யார் செய்தது?"

"தம்பி."

"முன்பக்கம் நல்ல வேலை. மூலைகளைப் பார், நல்ல கை. அடிக்கு ஏன் விட்டான்? ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லையா?"

"இல்லை" என்றேன்.

பொய்தான். அதையும் சொல்லி வைக்கிறேன்.

ஊதின பலகை திரும்பச் சுருங்காது என்று மனுவேல் சொன்னார். ஊதின அளவுக்கு அடியை நேராக அறுத்து எடுத்துவிட வேண்டும். வெயிலில் நன்றாகக் காய விட வேண்டும். அறுத்த இடத்தில் வார்னிஷ் குடிக்கக் குடிக்கப் பூசி, காய்ந்த பிறகு பட்டி ஒட்டி, கீழே பிளாஸ்டிக் கால் பூட்டினால் தண்ணீர் அடியால் ஓடிவிடும். எல்லாவற்றையும் ஒரு துண்டுப் பலகையில் கீறித் தந்தார்.

மறுநாள் காலமை நௌசாத்துக்குப் போன் எடுத்தேன். அங்கே கடை பூட்டுகிற நேரம்.

"நௌசாத், மாமா கழட்டி எறிய முதல் உங்களால அடியை அறுத்துச் சரிப்படுத்தித் தர ஏலுமா?"

"ஏலும் அக்கா. ரெண்டு மூணு நாள் காய விட்டா முடிச்சிரலாம். ஆனா மாமா விடோணுமே. முந்தாநாளும் கடைக்கு வந்து, அலுமினியம் செய்யிற ஆக்களை ஆரையும் தெரியுமா எண்டுதான் கேட்டுட்டுப் போனாரு."

"நீங்க ஒருக்காக் கதைச்சுப் பாருங்க. நான் சொன்னா..."

சட்டர் இழுக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டீங்கதானே?"

"சொல்லுங்க."

"அடிக்கு ஒட்ட வேணாம் எண்டது நீங்க. எனக்குத் தெரியும். அண்டைக்கு நான் பக்கத்துலதானே நிண்டன்."

நான் போனைக் காதோடு அமத்திக்கொண்டேன்.

"நீங்க போனை வைச்ச பிறகு நான் அவனுக்குச் சொன்னன். மச்சான், அன்ரி தண்ணி ஊத்துறவ, இது குடிச்சிரும், என்ட கடையில துண்டுப் பட்டி கிடக்கு, எடுத்துட்டு வாறன் எண்டு."

"அவன் என்ன சொன்னவன்?"

"விடு மச்சான் எண்டான். அக்கா இண்டைக்குத்தான் இவ்வளவு நேரம் சிரிச்சுக் கதைச்சா, இப்ப போய்ப் பிழை எண்டு சொல்ல ஏலாது. கொஞ்ச நாள் போகட்டும், அவக்குத் தெரியாம ஒட்டிருவம் எண்டான். அதுக்குப் பிறகு அவனுக்கு ஹாபர்ல வேலை கூடிப்போச்சு. எனக்கும் மறந்து போச்சு. அது என்ட பிழை அக்கா."

நான் கட்டிலில் இருந்துவிட்டேன். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் "நீங்க சொன்னாச் சரி" என்றிருக்கிறான்.

"அழாதீங்க அக்கா" என்றான் நௌசாத். அவனும் அழுகிறான் என்று தெரிந்தது. "மாமாட்ட நான் போய் இதைச் சொன்னா, செத்தவனுக்காகக் கூட்டாளி கதை கட்டுறான் எண்டுதான் நினைப்பாரு. நீங்களே சொல்லுங்க."

6

அடுத்த நாள் விடியவே எடுத்தேன். அங்கே பின்னேரம், மாமாவும் வந்திருந்தார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். சுதன் கேட்டது, நான் சொன்னது, அவன் தண்ணீரை ஞாபகப்படுத்தியது, நௌசாத் சொன்னது, எல்லாம்.

"நீயா சொன்னது?" என்று மாமா கேட்டார்.

அம்மா போனை வாங்கினா. பலகைக்காகப் பேசுவா என்று நினைத்தேன். பலகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அண்டைக்கு மாமா சொல்லேக்க நீ ஏன் வாய் திறக்கேல்ல?"

"பயமா இருந்தது அம்மா."

"ஆருக்குப் பயம்? அவன் செத்தவன். எழும்பி வந்து கதைக்க ஏலாது. உனக்கு வாய் இருக்குத்தானே? இவ்வளவு மாசமும் வாற போற சனம் எல்லாம் என்ர பிள்ளையை அரைகுறை எண்டு சொல்லிப்போட்டு, நான் ஊத்திக் குடுத்த தேத்தண்ணியையும் குடிச்சிட்டுப் போகுதுகள். நானும் அப்பிடித்தான் நினைச்சிட்டன். தெரியுமா உனக்கு? பெத்த நானே நினைச்சிட்டன்."

போனை வைத்துவிட்டா.

இரண்டு நாள் அம்மா என் போனை எடுக்கவில்லை. வேலையில் பலகைகளைத் தடவிக்கொண்டு நின்றேன், எது எழும்பியிருந்தது எது எழும்பவில்லை என்று விரலுக்குத் தெரியவில்லை. மனுவேல் பக்கத்தில் வந்து நின்றார். "நான் உங்களுக்குப் பொய் சொன்னேன். தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான்" என்றேன். அவர் என் தோளில் தட்டிவிட்டு அன்றைக்கு என்னை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்.

மூன்றாம் நாள் அம்மாவே எடுத்தா. "நௌசாத் அறுத்துக் காய வைச்சிட்டான். சனிக்கிழமை ஒட்டுவம். நீ நிக்கோணும்."

சனிக்கிழமை நின்றேன், போனில்தான். மூன்று அலுமாரியும் முற்றத்தில் மல்லாந்து கிடந்தன. நௌசாத் அயன் பெட்டியைக் கையில் எடுக்க அம்மா பறித்துவிட்டா.

"அயன் என்ர. நான் ஒட்டுவன். நீ பட்டியைப் பிடி."

"அன்ரி, சுடும்."

"நாப்பது வருசமா அடுப்புக்க நிக்கிறன், சூட்டைப் பற்றி எனக்குச் சொல்லுறாய்?"

அம்மா இழுக்க, மாமா மரக்கட்டையால் பின்னாலேயே அமத்தித் தேய்த்துக்கொண்டு வந்தார். குந்தியிருந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு சாணும் விடாமல்.

"மெல்ல மாமா, உங்கட விரலும் சேந்து ஒட்டுப்படப்போகுது" என்றான் நௌசாத்.

"ஒட்டட்டும். சம்பூருக்கு பஸ் பிடிக்கத் தேவையில்ல, இதிலயே கிடந்திடுவன்" என்றார் மாமா. பிறகு கட்டையை வைத்துவிட்டுப் பட்டியைத் தடவிப் பார்த்தார். முன்பக்கத்தில் சுதன் ஒட்டின பட்டியையும் தடவிப் பார்த்தார். ஒன்றரை வருசத்துக்கு மேலாகியும் ஒரு இடத்திலும் எழும்பவில்லை. "நல்லாத்தான் செய்திருக்கிறான்" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஆரணி என் தோளில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். "போன் மாமா நல்லாத்தான் செய்தவர். நான்தான் அவருக்குப் பிழையாச் சொல்லிக் குடுத்தது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னாள், "அப்ப ஸொறி சொல்லுங்கோ."

வேலை முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடிக்கும்போது அம்மா போனுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.

"வெள்ளிக்கிழமை சனம் வரும். அலுமாரியை அரைகுறை எண்ட அதே சனம். நான் ஒவ்வொருத்தராப் பிடிச்சுச் சொல்ல ஏலாது. நடந்ததை நடந்த மாதிரி எழுதி அனுப்பு. சாப்பாடு போட முதல் மாமா வாசிப்பார்."

"நானோ?" என்றார் மாமா.

"ஓம் அண்ணா. சொன்ன வாய்தானே. அதாலயே வாசியுங்க."

7

ஆகவே எழுதினேன். மாமா, இவ்வளவு தூரம் விடாமல் வாசித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களைப் பற்றி எழுதியதற்குக் கோவிக்காதீர்கள். என்னைப் பற்றி இதைவிடக் கூட எழுதியிருக்கிறேன்.

பின்வரிசையில் இருக்கிறவர்களுக்கும் கேட்க, இந்த இடத்தைக் கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள். அடிக்குப் பட்டி வேண்டாம் என்று சொன்னது ரஜனி. தண்ணீர் படும் என்று சொன்னது சுதன். அவனுக்கு அது தெரிந்திருந்தது. அக்கா முகம் வாடக்கூடாது என்று பேசாமல் விட்டான். அவன் அரைகுறை இல்லை.

எனக்குப் பாஸ்போட் கிடைத்துவிட்டது, ஆனால் ஆரணியின் பாஸ்போட் இன்னும் வரவில்லை. அவளை விட்டுவிட்டு வர மனம் இல்லை. அடுத்த வருசம் அவளையும் கூட்டிக்கொண்டு வருவேன். அவன் செய்த கதவுகளை அவள் தன் கையால் திறந்து பார்க்க வேண்டும்.

இன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிற எல்லாரையும் ஒன்று கேட்கிறேன். சாப்பிட்ட பிறகு எழும்பி உடனே போய்விடாதீர்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலில், நௌசாத்தின் ஆக்கள் பள்ளிவாசலில், மாதாவைக் கும்பிடுகிறவர்கள் மாதாவிடத்தில், அவரவர் முறைப்படி என் தம்பி சுதனுக்காக ஒரு நிமிசம் பிரார்த்தனை செய்யுங்கள். அவனைத் தெரியாதவர்கள் இதை வாசித்தாலும், அவன் பெயரைச் சொல்லி, நீங்களும் அவனுக்காக ஒருக்காக் கும்பிடுங்கள்.